மனு எழுதக் கற்ற நகரம்

1829 டிசம்பர் 4 அன்று, உடன்கட்டை ஏறுவதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிறப்பித்தார். ஆறு வாரம் கழிவதற்குள், 1830 ஜனவரி 14ஆம் தேதி, கல்கத்தாவின் வைதிகப் பெரியவர்கள் அவரிடம் ஒரு மனுவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் சுமார் 800 பேர் கையெழுத்திட்டிருந்தனர். சாஸ்திர ஆதாரங்களைத் திரட்டி 120 பண்டிதர்கள் ஒப்பமிட்ட ஏடு ஒன்றும் கூடவே இருந்தது. சமய விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று அரசு முன்பு கொடுத்த உறுதி இப்போது மீறப்பட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். பெண்டிங்க் இணங்கவில்லை; வேண்டுமானால் லண்டனில் மன்னரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சிலுக்கு முறையிடலாம் என்றார். சில நாட்களிலேயே ‘தர்ம சபா’ என்ற அமைப்பு பிறந்தது. அது கூட்டம் போட்டது, நிதி திரட்டியது, ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக் கப்பலேற்றி அனுப்பியது. 1832 ஜூலையில் பிரிவி கவுன்சில் அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அவர்கள் காக்க நினைத்த வழக்கம் கொடியது. அதைப் பற்றி இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதைக் காக்க அவர்கள் கையிலெடுத்த கருவிகளைக் கவனிக்க வேண்டும். கையெழுத்து இயக்கம், தலைவரும் செயலாளரும் உள்ள சங்கம், அச்சிட்ட பத்திரிகை, சட்ட வாதம், மேல்முறையீடு என்று எல்லாமே புதியவை. இவற்றில் பலவற்றை அந்த நகரத்தில் முதலில் கையாண்டவர், அவர்கள் மிகவும் வெறுத்த ராம்மோகன் ராய்.

இதே தகராறு நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்திருந்தால் வேறு பாதையில் போயிருக்கும். வங்கத்தில் அப்போது ஜாதி, ஆசாரம் சார்ந்த வழக்குகளில் கடைசிச் சொல் நவத்வீபத்துப் பண்டிதர்களுடையது. அவர்களுக்குப் பின்னால் நதியா அரசர் கிருஷ்ணசந்திரரைப் போன்ற பெருநிலக்காரர்கள் இருந்தார்கள். கிழக்கு வங்கத்து ராஜா ராஜவல்லபர், விதவையாகிவிட்ட தம் மகளுக்கு மறுமணம் செய்யப் பண்டிதர்களிடம் இசைவு வாங்கினார் என்றும், கிருஷ்ணசந்திரர் குறுக்கிட்டு அதைக் கெடுத்தார் என்றும் ஒரு செய்தி வங்கத்தில் வழிவழியாக வருகிறது. இரண்டு செல்வாக்குகள் மோதின, பெரியது வென்றது. பொதுமக்கள் என்று ஒரு தரப்பு அதில் இல்லவே இல்லை.

கல்கத்தா வளர்ந்தபோது இந்த ஏற்பாடும் நகரத்துக்குள் குடியேறியது. ஷோபாபஜார் தேவ் குடும்பத்தைப் போன்ற பெரிய வீட்டார் ஆளுக்கொரு ‘தள்’ வைத்திருந்தார்கள். யார் வீட்டு விருந்தில் யார் உண்ணலாம், யாரை ஜாதியிலிருந்து விலக்கலாம் என்பதைத் ‘தளபதி’ தீர்மானிப்பார். தமிழில் படைத்தலைவனைக் குறிக்கும் சொல் அங்கே ஜாதிக் கட்டுமானத்தின் தலைவரைக் குறித்தது. இன்று வங்காளியில் அரசியல் கட்சிக்கும் அதே ‘தள்’ தான் பெயர். விருந்தில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானித்த கூட்டத்தின் பெயர், வாக்குக் கேட்டு வருகிற கூட்டத்தின் பெயராக மாறியதற்குள் ஒரு நூற்றாண்டின் அரசியல் சிந்தனை அடங்கியிருக்கிறது.

அரசியல் சட்டம், உரிமை, பிரதிநிதித்துவம் ஆகியவற்றைக் கேட்டு எழுந்த இயக்கம் ஒரு பழைய சமூகத்தின் நினைப்பை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்குக் கல்கத்தாவைவிட நல்ல ஆய்வுக்களம் இந்தியாவில் இல்லை. அங்கே கிடைக்கும் விடை, சட்டப் புத்தகங்களில் உள்ள விடையிலிருந்து வேறுபட்டது. பழைய கருத்துகள் தோற்று வெளியேறி, புதியவை உள்ளே வந்து அமர்ந்தன என்று அங்கே நடக்கவில்லை. கேட்கும் முறைதான் முதலில் மாறியது. முறை மாறிய பிறகு, எதிராளியும் அதே முறையில்தான் பேச வேண்டியிருந்தது. பின்பு, தொடங்கியவர்கள் நினைத்தே பார்க்காத மனிதர்களும் அந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

1823இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆடம், ‘கல்கத்தா ஜர்னல்’ ஆசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாமை நாடு கடத்தினார். பத்திரிகை நடத்த அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்று விதி போட்டார். அந்த விதி உச்ச நீதிமன்றத்தில் பதிவாக வேண்டியிருந்தது. பதிவுக்கு ஆட்சேபம் தெரிவித்து ஆறு இந்தியர்கள் மனு கொடுத்தார்கள். ராம்மோகன் ராய், துவாரகாநாத் தாகுர், பிரசன்னகுமார் தாகுர் ஆகியோர் அதில் இருந்தனர். நீதிபதி பிரான்சிஸ் மக்நாட்டன் அதை ஏற்கவில்லை. அடுத்து மன்னருக்கு முறையீடு போனது, அதுவும் பலிக்கவில்லை. உரிமம் கேட்டுக் கையேந்த விரும்பாத ராம்மோகன், தாம் நடத்திய பாரசீக வார ஏடான ‘மிராத்-உல்-அக்பார்’ பத்திரிகையை நிறுத்திவிட்டார்.

தோற்றுப்போன அந்த மனுவில்தான் புதுமை இருக்கிறது. முகலாய தர்பாரில் விண்ணப்பிப்பவர் அரசரின் கருணையைக் கேட்பார். இந்த ஆறு பேரும் பேசியது அரசின் நலனையும் குடிமக்களின் உரிமையையும் பற்றி. தொலைவிலிருந்து ஆளும் அரசு தன் அதிகாரிகள் செய்யும் தவறுகளை அறிய வேறு வழி இல்லாதபோது, பத்திரிகையைக் கட்டிப்போடுவது ஆட்சிக்கே ஆபத்து என்று அவர்கள் வாதாடினார்கள்.

‘அதிகார்’ என்ற சொல்லுக்கு வந்த திருப்பமும் இதே கதையைச் சொல்கிறது. சாஸ்திர மரபில் அதற்குத் ‘தகுதி’ என்று பொருள்: வேதம் ஓத யாருக்குத் தகுதி, சடங்கு செய்ய யாருக்குத் தகுதி என்று பிறப்பைப் பார்த்து அளக்கும் சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளியில் அது மெல்ல மெல்ல ‘உரிமை’ என்ற பொருளை ஏற்றது. தமிழில் அதே சொல் ஆளும் வலிமையைக் குறிக்கிறது; உரிமைக்கு நம்மிடம் தனிச் சொல் உண்டு. வங்காளிக்கோ, ஒருவரை விலக்கி வைக்கப் பயன்பட்ட சொல்லே எல்லோருக்கும் பொதுவானதைக் கேட்கும் சொல்லாக உருமாற வேண்டியிருந்தது. அந்தப் பழைய வாடை முழுதும் போய்விட்டதா என்பது பின்னால் வரும் கேள்வி.

ராம்மோகனை ஆங்கிலக் கல்வி உருவாக்கிய மனிதர் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. அது தவறு. அவர் முதல் நூலைப் பாரசீகத்தில், அரபு முன்னுரையோடு எழுதினார். ஆங்கிலத்தைப் பிறகுதான் முறையாகக் கற்றார். கம்பெனியின் வருவாய்த் துறையில், ரங்பூரில் வேலை பார்த்தவர். 1821 ஆகஸ்டில், நேப்பிள்ஸ் மக்கள் பெற்ற அரசியல் சட்டத்தை ஆஸ்திரியப் படை நசுக்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது, மனம் சோர்ந்து, பக்கிங்ஹாமைச் சந்திக்க இருந்ததையே ரத்து செய்து கடிதம் எழுதினார். இத்தாலியின் ஒரு மூலையில் நடந்த தோல்வி கல்கத்தாவில் ஒரு மனிதரின் மாலைப்பொழுதைக் குலைத்தது. தம் ஊரின் கட்டுப்பாட்டுக்கும் தொலைதூரத்து அடக்குமுறைக்கும் உறவு உண்டு என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூல் பெண்களின் சொத்துரிமை பற்றியது. பழைய ஸ்மிருதிகள் பெண்ணுக்கு உரிய பங்கைக் கொடுத்தன, பின்வந்த உரைகாரர்கள் அதைப் பறித்தார்கள் என்பது அதன் சாரம். சொத்தில்லாத விதவையின் கதியையும் சிதையையும் அவர் இணைத்துக் காட்டினார். வாதத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது: மூலச் சட்டம் நியாயமானது, நடுவில் வந்த ஆட்கள் அதைக் கெடுத்தார்கள், மூலத்துக்குத் திரும்புவோம். பதினேழாம் நூற்றாண்டில் அரசரோடு மோதிய ஆங்கிலேய வழக்கறிஞர்களும் இப்படித்தான் பழைய சாசனங்களைத் தேடிப் போனார்கள்.

வேறொரு நாடும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1906இல் ஈரான் தன் மன்னரிடமிருந்து அரசியல் சட்டம் பெற்றது. அந்த இயக்கத்துக்கு ஊக்கம் தந்த ஏடுகளில் ஒன்றான ‘ஹப்லுல் மதீன்’ 1893 முதல் பாரசீக மொழியில் வெளிவந்த ஊர் கல்கத்தா. ஈரானிலும் இதே இழுபறிதான். மிர்சா முகமது உசேன் நாயினி என்ற மார்க்க அறிஞர், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது மார்க்கத்துக்கு உகந்தது என்று 1909இல் ஷியா சட்ட மரபுக்குள் நின்றே நூல் எழுதினார். ஷேக் பஸ்லுல்லா நூரி என்ற இன்னொரு அறிஞர், அதே மரபிலிருந்து மறுப்பு எடுத்து வைத்தார். மரபு ஒரே குரலில் பேசுவதில்லை. அரசியல் சட்டம் என்ற கேள்வி எழும்போது அது தனக்குள்ளேயே வழக்காடத் தொடங்குகிறது.

மறுபடியும் ராம்மோகனுக்கு வருவோம். 1827இல் நடைமுறைக்கு வந்த ஜூரி சட்டத்தின்படி கிறிஸ்தவர்கள் இந்துக்களையும் முஸ்லிம்களையும் விசாரிக்கும் ஜூரியாக உட்காரலாம். கிறிஸ்தவர் மீதான வழக்கில் இந்துவோ முஸ்லிமோ உட்கார முடியாது. இதை எதிர்த்து இரு சமயத்தவரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவைப் பார்லிமெண்டுக்கு அனுப்ப ராம்மோகன் முயற்சி எடுத்தார். முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் கொடுத்த ‘ராஜா’ பட்டத்தோடு 1831 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிக் கொடுத்த சாட்சியம் இன்றும் படிக்கத்தக்கது. 1793இன் நிரந்தரத் தீர்வு ஜமீன்தார் கட்டும் கிஸ்தியை நிரந்தரமாக்கியது. உழுகிற ரயத்து கொடுக்கும் வாரத்தை அப்படி நிரந்தரமாக்கவில்லை. இந்த அநியாயத்தை அவர் எடுத்துச் சொன்னார். நீதியையும் நிர்வாகத்தையும் பிரிக்க வேண்டும் என்றும் கேட்டார். 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டலில் காலமானார்.

அவர் கணக்கில் பற்று வைக்க வேண்டியதும் உண்டு. 1829 டிசம்பரில் டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில் அவரும் துவாரகாநாத்தும், அவுரி பயிரிட வைத்த ஐரோப்பியத் தோட்டக்காரர்களால் நாட்டுப்புறத்துக்கு நன்மையே என்று பேசினார்கள். முப்பது ஆண்டுகளில் அந்தத் தோட்டக்காரர்களின் கசையடிக்கும் பூட்டிய கிடங்குக்கும் எதிராக வங்கத்துக் குடியானவர்கள் எழுந்தார்கள். ரயத்துக்காக வாதாடியவரின் கண்ணுக்கும் ரயத்து தூரத்தில்தான் தெரிந்தான்.

அவருக்குப் பிந்திய தலைமுறை இந்துக் கல்லூரியில், டெரோசியோவின் மாணவர்களிடையே வளர்ந்தது. 1843 பிப்ரவரியில் அக்கல்லூரியின் அரங்கில் தட்சிணாரஞ்சன் முகர்ஜி, கம்பெனியின் நீதிமன்றங்களையும் போலீசையும் கண்டித்து ஒரு கட்டுரை வாசித்தார். கல்லூரி முதல்வர் ரிச்சர்ட்சன் எழுந்து, இது ராஜதுரோகப் பேச்சு, இங்கே அனுமதிக்க முடியாது என்றார். கூட்டத் தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தி அசையவில்லை. அவையில் நீங்கள் ஒரு பார்வையாளர், பேசுகிறவரை இடைமறிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். வெள்ளைக்கார முதல்வருக்கு இந்திய அவைத்தலைவர் கூட்ட ஒழுங்கு சொல்லிக் கொடுத்த அந்தக் கணம் பல தீர்மானங்களைவிடப் பெறுமதி வாய்ந்தது. கூட்டத்துக்கு விதி உண்டு, விதி எல்லோருக்கும் ஒன்று என்பதைச் சபை நடத்தும் பழக்கமே ஊட்டிவிட்டது.

1851 அக்டோபர் 29 அன்று பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் தொடங்கியது. தலைவர் ராதாகாந்த தேவ். இருபது ஆண்டுகளுக்கு முன் தர்ம சபாவைக் கட்டிய அதே பெருமகன், தளபதி, சமஸ்கிருத அகராதி தொகுத்த அறிஞர். செயலாளர் தேவேந்திரநாத் தாகுர். ராம்மோகனின் பிரம்ம சமாஜத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர். சமயத்தில் எதிரெதிர் முகாமில் நின்றவர்கள் அரசியலில் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பழைய சமூகத்தில் ஆசாரமும் அரசியலும் பிரிக்க முடியாத ஒரே உடல். இப்போது அரசியலுக்கென்று ஒரு தனி அறை கட்டப்பட்டது. வாசலில் ஆசாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் நுழையலாம். கல்கத்தாவின் அரசியல் சிந்தனையில் இதைவிடப் பெரிய மாற்றத்தைச் சுட்டிக்காட்டுவது கடினம்.

1852இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படும் வேளையில், இந்தியர்களுக்கு இடமுள்ள சட்டசபை வேண்டும் என்று இந்தச் சங்கம் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பியது. தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. கல்கத்தா சங்கத்தின் கிளையாகவே சென்னையில் ஒரு சங்கம் தொடங்கியது. விரைவில் பிரிந்து, 1852இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியின் தலைமையில் சென்னைவாசிகள் சங்கமாக நின்றது. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையை அது வெளிக்கொணர்ந்தது. கல்கத்தா சங்கத்தின் உயிர்நாடி ஜமீன்தார்கள். சென்னைச் சங்கம் ரயத்துவாரி மண்ணின் வலியிலிருந்து பேசியது. ஒரே கருவி, இரண்டு மண்ணில் இரண்டு விளைச்சல்.

இந்த இயக்கத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில் வரலாற்றாசிரியர்கள் நெடுநாளாகச் சண்டையிட்டு வருகிறார்கள். சுஷோபன் சர்க்கார் 1946இல் எழுதிய குறிப்புகள் இதை ஒரு மறுமலர்ச்சியாகக் கண்டன. 1970களில் அவர் மகன் சுமித் சர்க்கார் முதலானோர், காலனி ஆட்சியின் கூண்டுக்குள் நடந்த இயக்கம் இது, இதன் எல்லைகள் குறுகியவை என்று அடித்துச் சொன்னார்கள். பார்த்தா சட்டர்ஜி, வெளியுலகை மேற்குக்கு விட்டுக்கொடுத்து, வீடும் சமயமும் தன்னுடையவை என்று வேலி கட்டிக்கொண்ட தேசியத்தை விளக்கினார். சி.ஏ. பெய்லி, ராம்மோகன் காலத்திலேயே இந்தியர்கள் உலக அரசியல்சட்டச் சிந்தனையில் சமபங்காளிகளாக இருந்தார்கள் என்று காட்டினார். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த நால்வரின் கண்ணும் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்கள் மீது. கேட்கும் முறை அவர்கள் கையைவிட்டுப் போன இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது.

அந்த இடம் அவுரி வயல்கள். 1859-60இல் நதியா, ஜெசூர் மாவட்டங்களில் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்தார்கள். தடியும் ஈட்டியும் எடுத்தார்கள் என்பது பாதிக் கதை. மனு எழுதினார்கள், சாட்சி சொன்னார்கள், வழக்குப் போட்டார்கள் என்பது மற்றப் பாதி. பவானிபூரிலிருந்து ‘ஹிந்து பேட்ரியட்’ நடத்திய ஹரிஷ்சந்திர முகர்ஜியின் வீட்டு வாசலில் கிராமத்தார் மனு எழுத வந்து நின்றார்கள். அவர் அந்த வேலையிலேயே தேய்ந்து, 1861இல் இளம் வயதில் இறந்தார். அரசு 1860இல் அவுரி விசாரணைக் குழுவை அமைத்தது. தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தைக் காளிபிரசன்ன சின்ஹா நீதிமன்றத்திலேயே கட்டினார்.

1873இல் பாப்னாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஜமீன்தார்கள் வாரத்தை ஏற்றியபோது, பெரும்பாலும் முஸ்லிம்களான அந்த ரயத்துகள் சங்கம் சேர்ந்து, நீதிமன்றச் செலவுக்குப் பொது நிதி திரட்டினார்கள். தலைமை தாங்கிய ஈசான் சந்திர ராய் ஓர் இந்து. அவர்கள் கோரிக்கை: நாங்கள் மகாராணியின் ரயத்துகள், அவருக்கு மட்டுமே குடிகளாக இருக்க விரும்புகிறோம். இதைக் கேட்டு நகரத்துத் தேசியவாதிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தக் கோரிக்கையின் உள்ளடக்கம் ஆழமானது. இடையில் நிற்கும் சின்னச் சின்ன அரசர்கள் வேண்டாம், எல்லோருக்கும் மேல் ஒரே சட்டம் போதும் என்று அவர்கள் தங்கள் மொழியில் சொன்னார்கள். 1885இன் வங்கக் குத்தகைச் சட்டம், ஒரே ஊரில் பன்னிரண்டு ஆண்டு பயிரிட்டவருக்கு நிலத்தில் நிலைத்த உரிமை தந்தது. விளைச்சலில் பாதியைக் கொடுத்து உழும் பர்காதாருக்கு அதில் இடமில்லை. அவர் பெயர் பதிவேட்டில் ஏற 1978இல் இடது முன்னணி அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1876 ஜூலை 26 அன்று, கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் இந்தியன் அசோசியேஷன் தொடங்கியது. இன்று காபி ஹவுஸ் இருக்கும் கட்டடம் அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுரேந்திரநாத் பானர்ஜியின் மகன் அன்று காலையில் இறந்திருந்தான். மாலையில் அவர் கூட்டத்துக்கு வந்தார். ஜமீன்தார்களை விட்டு, வக்கீல், ஆசிரியர், மாணவர் என்ற நடுத்தர வர்க்கத்தை இந்தச் சங்கம் திரட்டியது. ஐ.சி.எஸ். தேர்வு வயதைக் குறைத்ததை எதிர்த்துச் சுரேந்திரநாத் நாடெங்கும் பயணம் செய்தார். 1878இல் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் வந்தபோது ‘அம்ருத பஜார் பத்திரிகா’ ஒரே பாய்ச்சலில் ஆங்கிலப் பத்திரிகையாகித் தப்பியது.

1883இல் இல்பர்ட் மசோதா, இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றது. கல்கத்தாவின் ஐரோப்பியர்கள் டவுன் ஹாலில் கூடிக் கொதித்தார்கள். மசோதாவை நீர்க்க வைத்துவிட்டார்கள். சட்டத்தின் முன் சமம் என்று ஐம்பதாண்டுகளாகப் பாடம் சொன்னவர்கள், அது தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுத்தார்கள். அதே ஆண்டு, சாளக்கிராமத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் செய்த நீதிபதி நாரிஸை ‘பெங்காலி’ ஏட்டில் கண்டித்ததற்காகச் சுரேந்திரநாத் இரண்டு மாதம் சிறை சென்றார். ஐந்து நீதிபதிகளில் ரமேஷ்சந்திர மித்தர் மட்டும் அந்தத் தண்டனைக்கு உடன்படவில்லை. வழிபாட்டுப் பொருளின் மரியாதையும் பத்திரிகை உரிமையும் ஒரே வழக்கில் கலந்தன. தெருவில் இறங்கிய மாணவர்களுக்கு அவை இரண்டும் ஒன்றே.

அடுத்து வந்தது தெரிந்த கதை. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குக் கல்கத்தா பாரிஸ்டர் டபிள்யூ.சி. பானர்ஜி தலைவர், 1886இல் காங்கிரஸ் கல்கத்தாவில் கூடியது. 1887இல் சென்னைக்கு வந்தபோது, மகாஜன சபையைச் சேர்ந்த வீரராகவாச்சாரியார் காங்கிரஸ் என்றால் என்ன, சட்டசபை என்றால் என்ன என்று கேள்வி-பதிலாகத் தமிழில் ஒரு சிறு நூல் எழுதிப் பரப்பினார். இங்கிலீஷ் மனுக்களின் இயக்கம் தமிழ்க் கிராமத்துத் திண்ணைக்கு வந்த வழிகளில் அது ஒன்று.

மனு அரசியலுக்கு எதிர்ப்பும் வங்கத்தாரிடமிருந்தே வந்தது. 1893-94இல் அரவிந்தர், காங்கிரஸ் பிச்சை கேட்கிறது என்று சாடினார். 1904இல் ரவீந்திரநாத் தாகுர், இந்தியாவின் உயிர் அரசில் இருந்ததில்லை, சமூகத்தில் இருந்தது, அதை முதலில் கட்டுங்கள் என்று ‘சுதேசி சமாஜ்’ உரையில் வேண்டினார். 1905 அக்டோபர் 16 அன்று வங்கம் பிரிக்கப்பட்டதும் பொறுமை போயிற்று. 1907 மே மாதம் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியபோது, மனுவின் காலம் முடிந்துவிட்டது என்றே கேட்டவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் இந்தச் சுதேசிச் சமூகத்துக்குள் யார் யார் இருந்தார்கள்?

கிழக்கு வங்கத்தின் நாமசூத்திரர்கள் சுதேசி இயக்கத்தில் சேர மறுத்தார்கள். பரீத்பூர் மாவட்டத்து ஓராகாந்தியில் மதுவா சமயத் தலைவர் குருசந்த் தாகுர், பள்ளிக்கூடம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று தம் மக்களைத் திருப்பியிருந்தார். சண்டாளர் என்று மக்கள்தொகைக் கணக்கில் எழுதப்பட்ட பெயரை மாற்றக் கோரி அவர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். 1911 கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்ற பெயர் ஏறியது. உயர்ஜாதியார் மனுவைப் பிச்சை என்று ஒதுக்கிய அதே ஆண்டுகளில், இவர்கள் ஒரு மனுவால் தங்கள் பெயரை மீட்டார்கள். முஸ்லிம்களும் தனியே சங்கம் கண்டிருந்தனர்; 1863இல் அப்துல் லத்தீப், 1870களின் பிற்பகுதியில் சையத் அமீர் அலி. விகிதத்துக்கு ஏற்ற இடம் என்ற அவர்கள் கேள்விக்குப் பத்ரலோகர் என்ற உயர்குடிப் படித்த கூட்டத்திடம் நேர்மையான பதில் இருக்கவில்லை.

பெண்களும் வரிசையில் நின்றார்கள். 1890இல் கல்கத்தா காங்கிரஸ் மேடையில் டாக்டர் காதம்பினி கங்குலி பேசினார். 1921இல் கவிஞர் காமினி ராய் முதலானோர் அமைத்த வங்கப் பெண்கள் சங்கம் வாக்குரிமை கேட்டது. அதே ஆண்டு சென்னைச் சட்டசபை கொடுத்ததை வங்கச் சட்டசபை மறுத்தது. 1925இல்தான் அங்கே தீர்மானம் நிறைவேறியது.

பிறகு வந்தது 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு. பூனா ஒப்பந்தத்தால் வங்கச் சட்டசபையின் 250 இடங்களில் 30 தாழ்த்தப்பட்ட ஜாதியாருக்கு ஒதுக்கப்பட்டன. முஸ்லிம்களே மிகப் பெரிய அணியானார்கள். 1936இல் வங்க இந்துப் பெரியவர்கள் லண்டனுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்களில் ரவீந்திரநாத், சரத்சந்திர சட்டோபாத்யாயா, விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் உண்டு. எண்ணிக்கையில் குறைந்தாலும் கல்வியிலும் பண்பாட்டிலும் நாங்கள் முன்னணியினர், அதற்கேற்ற இடம் வேண்டும் என்பது வாதத்தின் போக்கு. இவ்வளவு பெரிய மனங்கள் இந்தத் தாளில் ஒப்பமிட்டதைப் படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. ‘அதிகார்’ மறுபடியும் தகுதியாகச் சுருங்கியது. 1823இன் மனு எல்லோருக்கும் கதவைத் திறக்கக் கேட்டது. 1936இன் மனு திறந்த கதவைப் பாதி மூடக் கேட்டது. 1937 தேர்தலில் பசுலுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சி ரயத்துகளின் வாக்கோடு வந்து, அவரை முதல்வராக்கியது.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து வர வழியில்லாத அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது வங்கம். அதற்கு முன்னின்றவர் நாமசூத்திரத் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். நாடு பிரிந்தபோது அந்த இடம் போயிற்று. அதன் பிறகே பம்பாய் அம்பேத்கரை அனுப்பியது. ராம்மோகனின் நகரம் அரசியல் சட்டத்துக்குச் செய்த மிகப் பெரிய தொண்டு எதுவென்று கேட்டால், இந்தத் தேர்தலைச் சொல்வதே நியாயம். அதைச் செய்தவர்கள் நகரத்தின் பெரிய வீட்டார் அல்லர்.

அதே சபையில் குருசந்தின் பேரன், பாரிஸ்டர் பிரமத ரஞ்சன் தாகுரும் உறுப்பினர். 1947 ஏப்ரல் 29 அன்று தீண்டாமை ஒழிப்பு விதி விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்து, ஜாதி முறையையே ஒழிக்காமல் தீண்டாமையை மட்டும் எப்படி ஒழிப்பீர்கள் என்று கேட்டார். விதி நிறைவேறியது, இன்று அது பதினேழாம் உறுப்பு. அவர் கேட்டதற்கு அவை அன்று விடை சொல்லவில்லை.

பிரிவினைக்குப் பின் அவர் இந்தப் பக்கம் வந்து, வடக்கு 24 பர்கனாவில் தம் மக்களுக்காகத் தாகுர்நகரை உருவாக்கினார். அகதிகளாக வந்த மதுவாக்கள் லட்சக்கணக்கில் அங்கும் சுற்றுப்புறத்திலும் குடியேறினார்கள். 2003இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆவணமின்றி எல்லை தாண்டியவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகுத்தது. அவர்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கத் தொடங்கியது. 2019இல் அவர்களைப் போன்றோருக்குக் குடியுரிமைக்கு வழி தரும் இன்னொரு திருத்தம் வந்தது. அதன் விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியாயின. அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினரை அனுப்பிய சமூகத்தின் பிள்ளைகள் அந்த விதிகளின்படி, தாங்கள் இந்நாட்டின் குடிமக்கள் என்று அறிவிக்கக் கோரி விண்ணப்பம் எழுத வேண்டும்.